வாயில் இருந்தது தாளில் இறங்கவில்லை

மகளுக்குப் பதின்மூன்று வயது முடிந்த வாரம், கும்பகோணம் பாத்திரக் கடை ஒன்றில் பித்தளை மணி வாங்கினேன். "பூஜைக்கா அம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று வாய் கூசாமல் சொன்னேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதை அடித்து வீட்டிலேயே அவளுக்குத் தமிழ்ப் பாடம் தொடங்கினேன். பத்துக்கு ஒரு தடவை, கணக்கு. பதினொன்றுக்கு ஒரு தடவை, அறிவியல். சமையலறைக் கதவில் கால அட்டவணை, மூன்று நிறத்தில். பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் காலையில் மணியைத் தேடினால், என் மாமியார், அத்தை, அதைப் புளி போட்டுத் துலக்கிப் பூஜையறையில் வைத்திருந்தார். கடைக்காரரிடம் சொன்ன பொய் அப்படி மெய்யாயிற்று.

எங்கள் வீடு வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரையோரம். என் கணவர் முன்கட்டில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். குறுவைக்கு நாற்று விடுகிற நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் யாருடைய மோட்டார் எரிந்தாலும் எங்கள் வாசலில் வந்துதான் இறங்கும். நான் வரலாற்றில் பி.ஏ. கணக்கில் எனக்கு எப்போதும் பயம்தான். மகள் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டாள். ஏன் என்று ஊரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டேன், இங்கே வேண்டாம்.

அதற்குப் பிறகு அவள் படித்ததெல்லாம் பேச்சில். நான் காய் நறுக்கிக்கொண்டே சோழர் கதை சொல்வேன், அவள் கேள்வி கேட்பாள். பட்டறையில் அப்பாவுக்குக் கம்பிச் சுருளைப் பிடித்துக்கொண்டே மின்சாரம் கற்றாள். என் மாமனார், மாமா, திண்ணையில் உட்கார்ந்து பழைய பின்னங்களைச் சொல்லிக் கொடுத்தார். காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, இரண்டையும் சேர்த்தால் மாகாணி, பதினாறில் ஒன்று. "நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. அந்த மாவும் இந்த மாவும் ஒன்றுதான், வேலியில் இருபதில் ஒரு பங்கு" என்று மாமா சொன்ன அன்று அவள் எழுந்து குதித்தாள். ஒரு குழி 144 சதுர அடி. அதை வைத்து ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர் என்று விரல்விட்டே கண்டுபிடித்தபோது அவளுக்குப் பத்து வயது. நான் பூரித்துப்போய்ப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது ஒன்றை நான் கவனிக்கவில்லை. அந்தக் கணக்கை அவள் எங்கேயும் எழுதவில்லை.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடங்களுக்குத் தயாராவது என்றால் பாடத்திட்டத்தோடு மல்லுக்கட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தால் முதல் பாடமே கணமொழி. நான் மூடி வைத்துவிட்டுக் காப்பி போட்டுக் குடித்தேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் புத்தகங்களின் பயிற்சிக் கணக்குகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பதிலேயே முதல் இரண்டு மாதம் போயிற்று. பின்னம் பழுது இல்லை, மாமாவின் புண்ணியம். குறை எண்கள் தடுக்கின. அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு கழித்தல் குறி வந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அவளுக்குக் குழம்பிப்போகும். அதைச் சரிசெய்ய மூன்று வாரம் பிடித்தது. அது வெறும் பயிற்சி, சொல்வதற்கு ஒன்றுமில்லை.

உண்மையான ஓட்டை புரட்டாசியில்தான் தெரிந்தது. பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடம் இருக்கிறது. மோட்டார் பட்டறையில் வளர்ந்தவள், இதில் புகுந்து விளையாடுவாள் என்று நம்பி, முன்கூட்டியே ஒரு கேள்வி கொடுத்தேன். ஒரு கடத்தியின் மின்தடை எவற்றைப் பொறுத்தது, விளக்குக. ஐந்து மதிப்பெண். இரண்டு நிமிடத்தில் தாளை நீட்டிவிட்டாள். அதில் இருந்தது இவ்வளவுதான்: "கம்பி மெலிதாக இருந்தால் சூடாகும்."

"மீதி எங்கே?"

"அவ்வளவுதான் அம்மா. உங்களுக்குத்தான் தெரியுமே."

வாயால் கேட்டேன். கால் மணி நேரம் விடாமல் பேசினாள். கேஜ், அதாவது தடிமன், தப்பான கம்பியைக் கட்டினால் மோட்டார் ஏன் எரியும், நீளம் கூடினால் என்ன ஆகும், கம்பியின் விட்டம் பாதியானால் தடை ஏன் இரண்டு மடங்கு ஆகாமல் நான்கு மடங்கு ஆகும், எல்லாம் சொன்னாள். விட்டம் பாதியானால் குறுக்குவெட்டுப் பரப்பு கால்வாசி ஆகிவிடும் என்பதைக் கத்தரிக்காயை நறுக்கிக் காட்டினாள். அத்தனையும் சரி. அத்தனையும் வாயில் இருந்தது, தாளில் ஒரு வரிகூட இறங்கவில்லை.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குற்றம் அவளுடையது அல்ல. பள்ளியை விட்டதிலிருந்து அவள் பேசியதெல்லாம் அவளை அறிந்த ஐந்து பேரிடம். பாதி சொன்னால் மீதியை நாங்களே நிரப்பிக்கொள்வோம். விடைத்தாள் திருத்துகிறவர் அப்படி நிரப்பிக்கொள்ள மாட்டார்.

பிள்ளைகளை வீட்டில் படிக்கவைப்பதைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் ராமானுஜனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். கும்பகோணம் பக்கத்தில் இருப்பதால் இதிலிருந்து தப்பவே முடியாது. ராமானுஜன் டவுன் ஹைஸ்கூலில் ஒழுங்காகப் படித்துப் பரிசுகள் வாங்கியவர் என்பது அவர்களுக்கு நினைவிருக்காது. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர வேறெதையும் கண்ணெடுத்துப் பார்க்காமல், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் சறுக்கி அந்த உதவித்தொகையை இழந்தார் என்பதும் நினைவிருக்காது. அவர் சமாச்சாரம் வேறு. என் மகள் ராமானுஜன் இல்லை. அவளுக்குக் கட்டுரைத் தாள் வேண்டும்.

முதலில் நான் செய்தது தவறு. தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லி, சிவப்புப் பேனாவால் திருத்தினேன். றகர ரகரப் பிழை, ஒற்றுப் பிழை, எதையும் விடவில்லை. நான்காம் நாள் அவள் நோட்டுப் புத்தகத்தையே அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். சிவப்புப் பேனாவை அவர் எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் மோட்டாருக்குள் கம்பி சுற்றும் பள்ளங்களுக்கு எண் குறிக்க வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

அவளை எழுத வைத்தது எதிர்வீட்டுப் பெரியம்மாதான். அவருக்கு ஒன்றரை மா நிலம். வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்க ஒரு மனு எழுதித் தரச் சொல்லி மகளிடம் வந்தார். நான் வேண்டுமென்றே உள்ளே போய்விட்டேன்.

அவள் எழுதியது: "எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. தயவுசெய்து சரிசெய்யவும்."

மாமா அதை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முப்பது வருடம் மனு எழுதிப் பழகிய கை அவருடையது. திட்டவில்லை. கேள்விதான் கேட்டார். எங்கள் வாய்க்கால் என்றால் எது? அதற்குப் பெயர் இல்லையா? எந்த ஊர், எந்த வட்டம்? எத்தனை நாளாக வரவில்லை? ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும், அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பெரியம்மாவுக்கு மட்டுமா, இன்னும் எத்தனை பேருக்கு? சரிசெய்யவும் என்றால் என்ன செய்ய வேண்டும், தூர் வார வேண்டுமா, மதகு மாற்ற வேண்டுமா?

"தாத்தா, இவ்வளவையும் எழுதினால் யார் படிப்பார்கள்?"

"இவ்வளவு எழுதாவிட்டால்தான் படிக்க மாட்டார்கள். உன்னைப் பார்த்தே இராத ஒருவன், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, இருநூறாவது தாளாக இதைப் பிரிப்பான். அவனுக்கு எழுது."

மறுபடி எழுதினாள். வாய்க்காலின் நீளம் தெரியவில்லை என்று சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து மூன்றாம் தடவையும் எழுதினாள். பாய்ச்சல் பெறும் நிலம் எத்தனை மா என்று வீடு வீடாகக் கேட்டு, அதை ஏக்கருக்கு மாற்றி, அடைப்புக்குறிக்குள் போட்டாள். கடைசியில் ஒன்றேகால் பக்கம். பெரியம்மா கைநாட்டு வைத்தார். வாய்க்காலைத் தூர் வாரினார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள். மனு கொடுத்த ரசீது மட்டும் எங்கள் வீட்டு நாட்காட்டியில் செருகியிருக்கிறது.

அதற்கப்புறம் மின்தடைக் கேள்வியை மறுபடி கொடுத்தேன். "மின்விசிறிக்காரருக்கு எழுது" என்று மட்டும் சொன்னேன். முக்கால் பக்கம் வந்தது. ஆனால் அதில் ஒரு வேடிக்கை. கரண்ட், ரெசிஸ்டன்ஸ், கேஜ், எர்த் என்று பட்டறைச் சொற்களாகவே இருந்தன. புத்தகத்தில் வரும் மின்னோட்டமும் பட்டறையில் வரும் கரண்டும் ஒன்றுதான் என்று இத்தனை நாள் அவளுக்கு உறைக்கவில்லையாம். மின்னோட்டம் என்பது ஏதோ புத்தகத்துக்குள் மட்டும் ஓடுகிற சரக்கு என்று நினைத்திருக்கிறாள்! ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டோம். இடப்பக்கம் அப்பா சொல், வலப்பக்கம் புத்தகச் சொல். பியூஸ், மின் உருகி. எர்த், புவி இணைப்பு. சில இடங்களில் இடப்பக்கம் காலியாக இருக்கிறது. உந்தத்திற்கும் நிலைமத்திற்கும் அப்பாவிடம் சொல் இல்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு, "பஸ் சட்டென்று நின்றால் முன்னால் போய் விழுகிறோமே, அதற்கு எதற்குப் பெயர்?" என்றார். நிலைமத்துக்கு நேரே, இடப்பக்கத்தில், "பஸ்ஸில் விழுவது" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

எழுத்துக்கு அடுத்து நான் பட்ட பாடு, அவள் தானாகப் படிப்பது. இது முழுக்க என் குற்றம். எந்தப் பாடமானாலும் நான் முதலில் படித்து, மென்று, கதையாக்கி ஊட்டிவிட்டேன். அவள் விழுங்கினாள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் எனக்கே பல் போதாது. எனவே முறையை மாற்றினோம். புத்தகத்தோடு அவள் மச்சுக்குப் போய்விட வேண்டும். நாற்பது நிமிடம் கழித்து, புரியாத மூன்று கேள்விகளோடு இறங்கி வர வேண்டும். முதல் வாரம் முழுக்க, "எல்லாம் புரிந்தது" என்று கையை வீசிக்கொண்டு வந்தாள். பாடத்தில் இருக்கும் படத்தை விளக்கச் சொன்னால் படத்தையே பார்த்திருக்க மாட்டாள். மூன்றாவது வாரம் முதல் உண்மையான கேள்விகள் வந்தன. பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்வதற்கு முதலில் தொண்டையில் ஏதோ அடைத்தது, இப்போது பழகிவிட்டது. கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு சனிக்கிழமை நாச்சியார்கோவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் போகிறாள். அவர் பாடம் எடுப்பதில்லை. "எங்கே நின்றுவிட்டாய், காட்டு" என்பார், அவ்வளவுதான். காசு வாங்க மறுக்கிறார். அவர் வீட்டு மோட்டாருக்கு எங்கள் பட்டறையில் கூலி கிடையாது.

தையில் சம்பா அறுவடை. பனியில் அறுத்த நெல், கொள்முதல் நிலையத்தில் கருவியில் போட்டுப் பார்த்தபோது ஈரப்பதம் 22 காட்டியது. 17க்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். 25 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ, ஆக 1,000 கிலோ. களத்தில் கொட்டி இரண்டு நாள் காயவைத்தோம். 22இலிருந்து 17 என்றால் ஐந்து சதவீதம், 50 கிலோ குறையும் என்று நான் சொன்னேன். மகளும் அதையே சொன்னாள். மறுபடி மூட்டை பிடித்தபோது ஏறத்தாழ 60 கிலோ குறைந்தது, ஒன்றரை மூட்டை. மாமா எலியைச் சந்தேகப்பட்டார். அத்தை களத்துக் காவலுக்குப் படுத்திருந்தவரைச் சந்தேகப்பட்டார், அதாவது மாமாவை.

மகள் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். 1,000 கிலோவில் தண்ணீர் 220, மற்றது 780. காயும்போது போவது தண்ணீர் மட்டும், இந்த 780 அப்படியே இருக்கும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பென்சிலின் பின்புறம் பற்களுக்கு இடையில் போயிற்று. பிறகு, காய்ந்த நெல்லின் மொத்த எடை எக்ஸ் என்று எழுதினாள். அதில் 17 சதவீதம் தண்ணீர், 83 சதவீதம் மற்றது. அந்த 83 சதவீதம்தான் 780. எக்ஸ் என்பது 939.76 கிலோ. குறைந்தது 60 கிலோ. ஐந்து சதவீதம் என்று நாங்கள் கழித்தது தவறு, ஏனென்றால் முதல் 22 பழைய எடையில், பின் வந்த 17 புதிய எடையில்.

"தாத்தா, எலி தின்னவில்லை."

மாமா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். அவரிடம் அவள் வாயால் ஒரு வார்த்தை விளக்கவில்லை, அவருக்கு அந்தத் தாள் போதுமாக இருந்தது. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ் என்பது எதற்கு என்று அதுவரை அவளும் கேட்டிருக்கிறாள், எனக்கும் சொல்லத் தெரிந்ததில்லை.

தேர்வு எழுதும் வழியைப் பற்றிப் பலர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுதலாம். முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு, அதற்குப் பன்னிரண்டரை வயது ஆகியிருக்க வேண்டும். பிறகு பத்தாம் வகுப்பு, ஐந்து பாடம், தேர்ச்சிக்கு 35. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கும் பள்ளியில் போய்ச் செய்ய வேண்டும். மற்றொன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். பதினான்கு வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்கு நேராகப் பதியலாம். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், இரண்டு மொழிக்கு மேல் கூடாது. தமிழ் வழியிலும் எழுதலாம். ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர் என்று வருடத்தில் இரண்டு பருவம் தேர்வு. ஒரு பதிவு ஐந்து வருடம் செல்லும், ஒன்பது வாய்ப்புகள். தேர்ச்சிக்கு 33. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத மதிப்பெண்.

நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, இந்தப் பருவம் இரண்டு, அடுத்த பருவம் இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம் என்பதுதான் காரணம். சுலபம் என்பதற்காக எடுத்தீர்களா என்று என் நாத்தனார் கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்வதற்கு என்ன இருக்கிறது.

இப்போது தினமும் மாலை நான்கு மணிக்கு, பழைய கேள்வித்தாள், கோடில்லாத வெள்ளைத் தாள், கடிகாரம். முதல் நாள் இருபது நிமிடத்தில் கை வலிக்கிறது என்று விரல்களை நீவிக்கொண்டாள். பேனாவை இறுக்கிப் பிடிக்கிறாள் என்று அவர்தான் கண்டுபிடித்தார். "ஸ்குரூ டிரைவர் பிடிப்பது போலப் பிடிக்காதே, ஊசி பிடிப்பது போலப் பிடி" என்றார். போன வாரம் ஒரு மணி ஐம்பது நிமிடம் உட்கார்ந்தாள். மூன்று மணி நேரத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இன்னும் ஒரு வரிப் பதில்தான். மனு எழுதச் சொல்லி அங்கே தப்பிக்க முடியவில்லை, ஆங்கிலத்தில் மனு எழுதித் தரச் சொல்லி எந்தப் பெரியம்மாவும் வருவதில்லை.

பதினான்கு வயது வருகிற வைகாசியில் நிரம்புகிறது. விண்ணப்பத்தில் நான்கு பாடம் முடிவாகிவிட்டது, தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல். ஐந்தாவதில்தான் தகராறு. நான் சமூக அறிவியல் என்கிறேன், வரலாறு படித்தவளின் மகள் அதை விடலாமா? அவர் கணினித் தரவு உள்ளீடு என்கிறார், பட்டறைப் பில்லாவது ஒழுங்காக வருமாம். அவள் ஓவியம் என்கிறாள். ஆறு பாடமாக எடுத்துக்கொள்ளலாமே என்று அத்தை ஒரு வழி சொன்னார். அதை அவள் ஒப்பவில்லை. நேற்று இரவு தட்டு கழுவிவிட்டு வந்து பார்த்தால் என் தலையணை மேல் ஒரு தாள் இருந்தது. "பொருள்: ஐந்தாவது பாடமாக ஓவியத்தை அனுமதிக்க வேண்டி" என்று தொடங்கி, இரண்டு பக்கம். இன்னும் பதில் போடவில்லை. முதல் பக்கத்தில் இரண்டு ஒற்றுப் பிழை இருக்கிறது, சிவப்புப் பேனாவைக் கேட்டேன், அவர் தரமாட்டேன் என்கிறார்.